புகை மட்டும் கூடாது

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். நீயும் உன் மச்சானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தச் சுரங்கக் காட்டில் உட்கார்ந்துகொண்டு நம்புவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைக்காதே. தகரக் கூரை, வரிசையாகக் கட்டில்கள், ஒரு டாக்டர், நாங்கள் மூன்று நர்ஸ்கள். டெலிபோன் சுரங்க அதிகாரிகளுக்கு மட்டும்தான். தபால் வண்டி வாரம் ஒரு தடவை வருகிறது, அதுவும் மழை இல்லாவிட்டால்.

உன் மச்சானுக்குத் தனியாக நீளமாக ஒரு கடிதம் போட்டேன். பதில் வந்தது. "நலம். இங்கு மழை. பஸ்ஸுக்குப் புது டயர் மாட்டியிருக்கிறார்கள், நன்றாக இருக்கிறது." பெண்டாட்டியை விட டயருக்கு ஒரு வரி கூடுதல்.

விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய சிகரெட்டை நீ நிறுத்தியாக வேண்டும். போன வாரம் வார்டில் ஒரு ஆள் போய்விட்டார். உன் மச்சான் வயசுதான். இருமி இருமி, கடைசியில் இருமக்கூடத் தெம்பில்லை. படுக்கையை நான்தான் மாற்றினேன். தலையணைக்கு அடியில் பாதிப் பாக்கெட் கிடந்தது. எத்தனையோ சாவைப் பார்த்த நர்ஸ்தான் நான். ஆனால் அந்தப் பாக்கெட் உன் மச்சானுடைய பாக்கெட் மாதிரியே இருந்தது.

நான் சொன்னால் அது பெண்டாட்டி நச்சரிப்பு. நீ மைத்துனன் ஆவதற்கு முன்னாலேயே அவருக்குச் சிநேகிதன். ஒரே பஸ்ஸில் அவர் முன்னால் டிரைவர், நீ பின்னால் கண்டக்டர். உன் பேச்சு எடுபடும். வாய் சும்மா இருக்காது என்று சாக்குச் சொல்வார். மெல்லுவதற்கு எதையாவது கொடு. எதுவானாலும் பரவாயில்லை, புகை மட்டும் கூடாது.

இரண்டு பேரும் கடையிலேயே வயிற்றை வளர்க்காமல் வீட்டில் சமையுங்கள். உனக்குப் பெண் பார்க்கிற வேலையை நான் வந்து கவனிக்கிறேன், அவசரப்படாதே.

அன்புடன்,
அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம் சொல்லி எழுதுவது. வீட்டில் இரண்டு பேரும் நலம். அடுப்பும் நலம், அதற்கு நாங்கள் அதிகம் வேலை வைப்பதில்லை. நீ அங்கே தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறாயா?

உன் கடிதம் வந்த அன்றே வேலையைத் தொடங்கிவிட்டேன். முதலில் உபதேசம் செய்து பார்த்தேன். "சரிடா, சரிடா" என்று தலையாட்டிக்கொண்டே அடுத்ததைப் பற்றவைத்தார். செவிடன் காதில் ஊதிய சங்கு. ஊதுவது என்று ஆன பிறகு சங்கு எதற்கு, கழுத்தில்தான் விசில் தொங்குகிறதே என்று தோன்றியது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. இது எங்கள் தொழில் பாஷை. அவர் கை சட்டைப் பைக்குப் போனதும் ஒரு விசில் கொடுத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது! இத்தனை வருஷப் பழக்கம், மூளை யோசிக்கிறதுக்குள் உடம்பு நின்றுவிடுகிறது. பிறகுதான் திட்டினார். "ஏன்டா, நான் என்ன பஸ்ஸா?"

ஒரு நாள் ஓட்டிக்கொண்டே பையைத் தடவினார். ஊதிவிட்டேன். பஸ்ஸே நின்றுவிட்டது. முன் சீட்டு அம்மா ஒருத்தர், "ஸ்டாப்பே இல்லாத எடத்துல யாருப்பா எறங்கறது?" என்றார். "ஒரு சிகரெட்டுதாம்மா எறங்குது" என்றேன். பஸ் முழுக்கச் சிரிப்பு. மச்சானும் சிரித்தார், ஆனால் பாக்கெட்டை எடுத்து என் டிக்கெட் பையில் போட்டார். ஆக, குறைந்திருக்கிறது. நிற்கவில்லை, குறைந்திருக்கிறது.

ஆள் கொஞ்சம் மாறியும் இருக்கிறார். தனக்கென்று ஒரு சீப்பு வாங்காத மனுஷன், டிப்போவிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது ஒவ்வொரு கடைக் கண்ணாடி முன்னாலும் நின்று வேடிக்கை பார்க்கிறார். பாத்திரக் கடை, கடிகாரக் கடை, பொம்பளைங்க செருப்புக் கடையைக்கூட விடுவதில்லை. நீ வரும்போது ஏதோ வாங்கி வைக்கப் போகிறார் போலிருக்கிறது. மதியத்தில் படுத்தால் இடது காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டுதான் தூங்குகிறார். கனவிலும் கிளச் மிதிக்கிறார் என்று நான் கேலி செய்வேன்.

பெண் பார்ப்பதில் நீ அவசரப்படலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை.

அன்புள்ள தம்பி


ஏப்ரல் 8

தம்பி,

நலம். நலமறிய அவசரம். ஆவல் இல்லை, அவசரம்.

கடை பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அவர் எந்தக் கடையையும் பார்க்கவில்லை. நடக்க முடியாமல் நிற்கிறார். வலிக்காக நிற்பது உனக்குத் தெரியக் கூடாது என்று கண்ணாடியைப் பார்க்கிறார். இப்படி நிற்கிற சுரங்கத் தொழிலாளிகளை நான் இங்கே பார்த்திருக்கிறேன். காலைத் தொங்கவிட்டால்தான் அவர்களுக்கும் தூக்கம் வரும், தொங்கினால்தான் கொஞ்சமாவது ரத்தம் இறங்கும்.

நான் கேட்பதற்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுது. பாதத்தின் மேல் பக்கம் விரலை வைத்தால் நாடி துடிக்கும். முதலில் உன் காலில் தேடிப் பழகிக்கொள். பிறகு அவர் தூங்கும்போது இடது காலில் பார். கால் சில்லென்று இருக்கிறதா? விரல்கள் என்ன நிறம்? புண் இருக்கிறதா? காலுறையைக் கழற்றாமலே இருக்கிறாரா?

நான் கேட்டதாக அவரிடம் சொல்லாதே. சிகரெட் குறைந்தால் போதாது, ஒன்றுகூடக் கூடாது. அடுத்த தபாலிலேயே பதில் போடு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் காலைப் பார்.

அக்கா


ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் பார்த்துப் பயந்துவிட்டேன். நீ எதையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. ஆஸ்பத்திரியிலேயே இருப்பதால் உனக்கு எல்லாரும் நோயாளியாகத் தெரிகிறார்கள்.

முதலில் நல்ல சேதி. சிகரெட் நின்றுவிட்டது! குறைந்தது இல்லை, நின்றே விட்டது. வீட்டில் தேடினாலும் தீப்பெட்டி அடுப்புக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். டிப்போவில் பந்தயமே கட்டியிருந்தார்கள், அத்தனை பேர் மூக்கையும் அறுத்துவிட்டோம். நீ சொன்னபடி மெல்லுவதற்கு ஒன்று கண்டுபிடித்தோம். அதை வாயில் போட்டால் ஆள் சாந்தமாகிவிடுகிறார். நானே வாங்கி வந்து வைக்கிறேன். முகத்தில் பழைய கடுகடுப்பு இல்லை.

நாடி பார்க்கச் சொன்னாயே, பார்த்தேன். முதலில் கிடைக்கவில்லை, பிறகு பழகிவிட்டது. என் காலில் நன்றாகத் துடிக்கிறது.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. பஸ் தகரம் தொட்டால் சுடுகிறது. மாடி வீட்டுக்காரர் மாடிப்படிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை. வேறு விசேஷம் இல்லை. உடம்பைக் கவனித்துக்கொள்.

தம்பி


மே 10

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் நீ. உன் காலில் நாடி நன்றாகத் துடிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். மிகவும் சந்தோஷம். உன் காலைப் பற்றி நான் கேட்கவே இல்லையே! மாடிப்படியின் நிறம் வரைக்கும் எழுதியவனுக்கு அவர் கால்விரலின் நிறத்தை எழுத மனசு வரவில்லை. அப்படியானால் என்ன நிறம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருப்பார். அவருக்கு நீ சத்தியம் செய்து கொடுத்திருப்பாய். அந்தச் சத்தியத்தை என் பேரில் உடைத்துவிடு, பாவம் எனக்கு வரட்டும்.

இந்த வியாதியை உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கால், கையில் இருக்கிற சின்ன ரத்தக் குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும். விரல் நுனிக்கு ரத்தம் போகாது. முதலில் சில்லிடும், பிறகு நீலம், பிறகு கறுப்பு. கறுத்த விரல் திரும்ப வராது. மருந்து கொடுத்து நிறுத்த முடியாது. அந்தச் சிகரெட் பழக்கத்தை அடியோடு விட்டால் நிற்கும், விடாவிட்டால் விரல், பாதம், முழங்கால் என்று மேலே ஏறும். ஒரு காலோடும் நிற்காது.

உன் சேதி ஒன்றுதான் எனக்குத் தெம்பு. சிகரெட் நின்று இத்தனை வாரம் ஆகிவிட்டது என்றால் வலி குறைந்திருக்க வேண்டும். குறைந்திருக்கிறதா? அதை மட்டும் எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


மே 31

அக்காவுக்கு,

நான் நலம். அவர் நலமில்லை. இனிமேல் மறைப்பதற்கு என்னிடம் தைரியம் இல்லை.

வலி குறையவில்லை. கூடிவிட்டது. நீ சொன்னபடி ஏப்ரலிலேயே அவர் தூங்கும்போது காலுறைக்குள் விரலை விட்டுப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். வலது காலில் துடித்தது. இடது காலில் தேடித் தேடிப் பார்த்தேன், விரலை மாற்றி மாற்றி வைத்தேன், எங்கேயும் துடிப்பு இல்லை. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. அதை எழுத உட்கார்ந்தபோது கை வரவில்லை. அதனால்தான் மாடிப்படியைப் பற்றி எழுதினேன்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். மேட்டு ஸ்டாப்பில் ஆள் ஏற்றிவிட்டு இரண்டு விசில் கொடுத்தேன். பஸ் நிறைய ஜனம், படிக்கட்டில்கூட நின்றார்கள். வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோனது. அப்புறம் பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் தள்ளுவண்டியோடு ஒரு ஆள் மேடேறிக்கொண்டிருந்தார். நான் ஒரு விசில் ஊதினேன். ஊதிக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை. அக்கா, உன் கல்யாணத்துக்குப் பிறகு நான் அவரை மரியாதை இல்லாமல் கூப்பிட்டதே கிடையாது. அன்றைக்கு, "டேய், பிரேக்குடா! பிரேக்கப் போடுடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். தள்ளுவண்டியைத் தொட்டுக்கொண்டு பஸ் நின்றது. அந்த ஆள் வண்டியை விட்டுவிட்டு ஓடிப்போய் எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

முன்னால் ஓடினேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. "கிளச்சு மேல கால் இருக்குன்னு நெனச்சேன்டா. கால் எங்க இருக்குன்னே தெரியல" என்று என் காதில் மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் காலுறையைக் கழற்ற வைத்தேன். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கறுப்பு. நகத்தைச் சுற்றிப் புண். "ஆஸ்பத்திரிக்குப் போனா டிப்போவுக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா வண்டியப் புடுங்கிடுவாங்க. ஸ்டியரிங் இல்லன்னா நான் யாருடா?" என்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு தினமும் பின் படிக்கட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

எனக்குப் புரியாத ஒன்று. நீ சொன்னபடியே செய்துவிட்டோம். ஒரு சிகரெட்கூடத் தொடவில்லை, நான் பக்கத்திலேயே இருக்கிறேன், எனக்குத் தெரியும். அதற்குப் பதில் வாசனைப் புகையிலைப் பொட்டலம்தான், அதை உதட்டுக்குள் அடக்கிக்கொள்வார். தீயும் இல்லை புகையும் இல்லை. பிறகு ஏன் அக்கா கறுக்கிறது? அந்த வியாதி இல்லையோ? வேறு ஏதோவோ?

பயந்துபோய் இருக்கும்,
தம்பி


ஜூன் 13

தம்பி,

புகையிலை! என் சாமி, புகையிலையா கொடுத்தாய்?

விஷம் அந்த இலையில்தான் இருக்கிறது. கொளுத்தினாலும் அதுதான், மென்றாலும் அதுதான், மூக்கில் இழுத்தாலும் அதுதான். இத்தனை நாளும் ஒரு கதவை மூடிவிட்டு இன்னொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. "எதுவானாலும் பரவாயில்லை, புகை மட்டும் கூடாது" என்று எழுதியவள் நான். மிட்டாயோ கிராம்போ வாங்கிக் கொடுப்பாய் என்று நினைத்தேன். நர்ஸ் உத்தியோகம் பார்க்கிறவள், 'புகையிலை' என்று இன்னும் இரண்டு எழுத்துச் சேர்த்து எழுதத் துப்பில்லை. நீ என் சொல்லைத் தட்டாதவன். சொன்னதை அப்படியே செய்தாய். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர எத்தனை நாளோ. அதற்குள் இன்னும் எத்தனை பொட்டலம் வாங்கியிருப்பாயோ. படித்த கையோடு எல்லாவற்றையும் தூக்கி எறி. அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போ. மறைக்காதே. அவர் கோபித்தால் கோபிக்கட்டும். அந்தக் காலோடு இன்னொரு முறை வண்டி எடுக்க விடாதே, பஸ் நிறைய ஜனம் இருக்கிறார்கள்.

நான் லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்குப் பதில் ஆள் வந்தால்தான் விடுவார்களாம்.

அக்கா


ஜூலை 4

தம்பி,

நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டு தபால் வண்டி வந்து போய்விட்டது. சாக்கைக் கொட்டும்போது பக்கத்திலேயே நிற்கிறேன், எல்லாருக்கும் இருக்கிறது.

இன்றைக்கு இங்கே ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். நான்தான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், உனக்கு என்ன?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

என் கடிதம் கிடைத்ததா? கிடைத்தது என்று ஒரு வார்த்தை போடு. நல்லதோ கெட்டதோ, எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். உட்கார நேரம் இல்லை, உட்கார்ந்தால் எழுதத் தெம்பில்லை.

உன் கடிதத்தை அவருக்கே படித்துக் காட்டினேன். முதலில் சிரித்தார். "அப்போ நீ வாங்கிக் குடுத்து நான் தின்னுருக்கேன். நல்ல கூட்டணிடா" என்றார். பிறகு அழுதுவிட்டார். பொட்டலங்களை அவர் கையாலேயே சாக்கடையில் கொட்டினார். காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டார். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார், சோற்றுத் தட்டை என் மேல் வீசினார். எல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று நொண்டிக்கொண்டே டிப்போ பக்கம் போக ஆரம்பித்தார். திரும்பி வந்தால் சட்டையில் சிகரெட் வாசனை.

டிப்போவில் எல்லாரும் அவருக்கு வேண்டியவர்கள். பாவம் பார்த்து ஆளுக்கு ஒரு இழுப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவராகப் போய்க் கெஞ்சினேன். "ஒரு தம்முல என்னப்பா ஆகிடும்?" என்று சிரித்தார்கள். காலைப் பற்றிச் சொல்லாமல் எப்படிப் புரிய வைப்பேன்? சொன்னால் அவர் வண்டி போய்விடும். இரண்டு நாள் வாயைப் பூட்டிக்கொண்டு திரிந்தேன். மூன்றாவது விரலும் நீலம் பாய்ந்துவிட்டது.

மறுநாள் காலை ஷிப்ட் கிளம்புகிற நேரம். எல்லாரும் முற்றத்தில் இருந்தார்கள். அவரும் மெக்கானிக் ஷெட் ஓரத்தில் யாரிடமோ கை நீட்டிக்கொண்டு நின்றார். விசிலை எடுத்து ஊதினேன், எல்லாரும் திரும்பினார்கள். கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னேன்: "என் மச்சான் கால் அழுகுது. பொகையிலையால அழுகுது. விரல் செத்துப்போச்சு, கிளச்சு மிதிக்கிறதுகூட அவருக்குத் தெரியல. இனிமே அவருக்கு ஒரு தம் குடுக்கறவன் அவர் காலை வெட்டறவன்." மாடி ஜன்னலில் மேனேஜர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கே டிரைவர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்.

"நீயாடா?" என்றார் என்னிடம்.

டிப்போக்காரர்களே தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கறுத்த விரல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். நீலமாக இருந்ததைப் பொறுத்துப் பார்க்கிறார்கள். இனி ஒரு பொட்டுப் புகையிலை உள்ளே போனாலும் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் அவர் முகத்துக்கு நேரே சொன்னார். டாக்டர் அந்தப் பக்கம் போனதும் என் சட்டையைப் பிடித்தார். "காலை எடுத்துக்கட்டும்டா. முழுசா எடுத்துக்கட்டும். ஒரே ஒரு தம் மட்டும் குடு. ஒன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று அழுதார். ஊசி போட்டும் வலி கேட்கவில்லை. கட்டில் கம்பியைக் கடித்துப் பல்லில் ரத்தம். அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை, அக்கா. என்னால் தாங்க முடியவில்லை. கீழே இறங்கிப் போய் எதிர்க் கடையில் ஒரு சிகரெட் வாங்கினேன்.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன். தபால் கட்டுகிற நேரம் ஆகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூலை 25

தம்பி,

ஒரு சிகரெட் வாங்கினேன் என்று எழுதியிருக்கிறாய். கொடுத்தாயா என்று எழுதவில்லை.

அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. தபால் கட்டுகிற நேரமாம்! கொடுக்கவில்லை என்று எழுத எத்தனை நேரமடா ஆகும்? அப்படியானால் கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் சொல்லிவிடு, திட்ட மாட்டேன். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. நர்ஸாக இருந்தால் கொடுக்க மாட்டேன். பெண்டாட்டியாக இருந்தால், தெரியாது.

பதில் ஆள் வந்துவிட்டாள். அவளுக்கு வேலையைப் பழக்கிவிட்டு ஆகஸ்ட் கடைசியில் கிளம்புகிறேன். அங்கே வந்து இறங்கும்போது எனக்காக யார் நிற்பார், எப்படி நிற்பார் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. நான் கிளம்புவதற்குள் பதில் வந்துவிட வேண்டும்.

அக்கா


ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம் சொல்லி எழுதுவது. நான் நலம். நீ கிளம்புகிற சேதி படித்ததும்தான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

கொடுக்கவில்லை. அன்றைக்கே எழுதியிருக்கலாம். ஆனால் கொடுக்கத்தான் வாங்கினேன், கொடுக்கத்தான் படியேறினேன். அவர் அப்போது இன்னும் வார்டில்தான் கிடந்தார், மறுநாள் கொடுத்துவிட மாட்டேன் என்று எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை. அதனால்தான் எழுதவில்லை.

நான் வார்டுக்குள் நுழைந்ததுமே கண்டுபிடித்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப் பையைத்தான் பார்த்தார். வலியை மறந்து எழுந்து உட்கார்ந்தார். கையை நீட்டினார். நானும் எடுத்து நீட்டிவிட்டேன், அக்கா. அவர் விரல் அதைத் தொட்டுவிட்டது. போர்வை விலகி, கட்டுப் போட்ட அந்தக் கால் தெரிந்தது. மேட்டிலிருந்து பஸ் உருண்டபோது வந்த அதே பயம் வந்தது. பிடுங்கி, அவர் கண் முன்னாலேயே ஒடித்துத் தூளாக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஸ்டியரிங்கப் புடுங்கின. இப்போ இதையும் புடுங்கின. நான் செத்தாலும் நீ வராத" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் போனால் கண்ணை மூடிக்கொள்வார். சாப்பாட்டை வார்டுப் பையனிடம் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டு வருவேன். டிப்போவில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், யாரும் பையில் எதுவும் கொண்டு போகவில்லை. நீல விரல் தப்பித்துவிட்டது. புண் ஆறிவிட்டது. வலி வரவரக் குறைகிறது, எனக்கு டாக்டர்தான் சொன்னார். அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள், ஆனால் நம் வீட்டுக்கு வரவில்லை. டிப்போ மேலே டிரைவர்கள் தங்குகிற அறையில் இருக்கிறார். டைம் ஆபீஸில் உட்கார வைத்திருக்கிறார்கள். எந்த பஸ் எப்போது போகிறது, எப்போது வருகிறது என்று எழுதுகிற வேலை. என் பஸ்ஸின் நேரத்தையும் அவர்தான் எழுதுகிறார். என்னிடம் கேட்காமல் புது டிரைவரிடம் கேட்டு எழுதிக்கொள்கிறார்.

எனக்கு இன்னும் பயம் போகவில்லை. எந்தத் தெருமுனையில், யார் பாவம் பார்த்து நீட்டிவிடுவார்களோ. நீ வந்து பக்கத்தில் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். உன்னோடு பேசுவார். உன் பேரில் அவருக்குக் கோபம் இல்லை, 'அவ எப்ப வர்றா' என்று மெக்கானிக்கிடம் கேட்டாராம். நானே பார்த்து வேறு அறை எடுத்துக்கொள்கிறேன், அவர் நம் வீட்டுக்கு வரட்டும்.

இன்று காலை நடந்ததை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன். முதல் டிரிப்புக்கு வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். டைம் ஆபீஸிலிருந்து அவர் வெளியே வந்தார், முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போக வேண்டும். என்னைக் கடந்துதான் போக வேண்டும். கும்பிடலாமா, கூப்பிடலாமா என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டார். ஏதோ கம்பம் நிற்கிற மாதிரி என்னைத் தாண்டிப் போனார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, மறைப்பதற்குத் தலை குனிந்துகொண்டேன். அப்போது அவர் பாதம் தெரிந்தது. இடது பக்கம் லேசாகச் சாய்கிறது, அவ்வளவுதான். யாரையும் பிடிக்கவில்லை, எங்கேயும் நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு முற்றம் முடிகிற வரைக்கும் பார்த்தேன். என்னைத் திரும்பிப் பார்க்காமலே போனார், அக்கா. நடந்து போனார்.

உன் வரவை எதிர்பார்த்து,
தம்பி